திரும்பி வந்த போத்தல்கள்

“வெறும் போத்தலாத் தந்தாலே போதும் டொறத்தி அக்கா. அப்பிடியே தாங்க.”

“என்ன கதை தம்பி இது? ஊறுகாய் வந்த போத்தலை வெறுமையாத் திருப்பிக் குடுக்க நான் என்ன தெருவிலயா வளந்தனான்?”

“அப்ப நீங்களே வச்சிக்கங்க. திருப்பித் தரவே வேணாம்.”

“நல்லாயிருக்கு! றம்லா குவைத்தில இருந்து தூக்கிட்டு வந்த போத்தலை டொறத்தி அமுக்கிட்டாள் எண்டு ஊர் கதைக்கட்டும். பிடியும் செய்னு தம்பி, கை உளையுது.”

கிடுகு வேலிக்கு மேலால் நீண்ட கண்ணாடிப் போத்தலை செய்னுலாப்தீன் இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே கூனி இறால். வெயிலில் காய்ந்து இளஞ்சிவப்பேறிய கூனியை டொறத்தி தட்டித் தட்டி, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் அடைத்திருந்தாள். நாலு நாளைக்கு முன்னர் தேசிக்காய் ஊறுகாயோடு இதே வேலியால் போன போத்தல்தான். போனபோது இருந்ததைவிட நிறைவாகத் திரும்பி வந்திருந்தது.

“தேங்காய்ப்பூ போட்டு வறுக்கச் சொல்லும். சின்னப் பிள்ளையில எங்கட கருவாட்டு வாடிக்கு வந்து, காயப்போட்ட கூனியை மடியில அள்ளிட்டு ஓடினவள்தானே அவள். எங்க ஆள்?”

“மகளோட புத்தளம் போயிருக்கா. நாலு மணி பஸ்ஸில வருவா.”

“பயணச் சாமான் வாங்கவா? செவ்வாய்க்கிழமைதானே?”

செய்னுலாப்தீன் போத்தலின் மூடியைத் திருகிப் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

“டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்குத்தான் போட்டிருக்கி,” என்றார்.

“அதைத்தானே நானும் கேட்டனான்.”

அவள் கேட்டதும் அவர் சொன்னதும் ஒன்றல்ல என்று டொறத்திக்கு விளங்கப்படுத்த அவருக்குத் தெரியவில்லை. கிட்டத்தட்ட மூன்று மாதமாக அந்த இரண்டுக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியில்தான் அவர் குடியிருந்தார்.

போத்தலைச் சாரத்தின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, ஆளில்லாத தன் வீட்டுக்குள் கள்வனைப் போல நுழைந்தார்.

குசினியை ஒட்டி ஆறடிக்கு நாலடியில் ஒரு சாமான் அறை. யன்னல் கிடையாது. கூரையில் பதித்த ஒரு கண்ணாடி ஓட்டின் வழியே வெளிச்சம் செங்குத்தாக இறங்கும். அதன் கீழே நாலு தட்டுகளில் போத்தல்கள் நின்றன. மேல் தட்டில் பருப்பு, கடலை, கௌபி, பயறு. பருப்புக்குள் வண்டு விழாமலிருக்க இரண்டு செத்தல் மிளகாய். நடுத் தட்டில் வறுத்த அரிசி மா, ரவை, சீனி, தேயிலை. அதற்குக் கீழே சீனிச் சம்பல், தேசிக்காய் ஊறுகாய், அச்சாறு. உப்பும் புளியும் மூடியின் தகரத்தைத் தின்னாமலிருக்க ஒவ்வொரு வாயிலும் பொலித்தீன் துண்டு வைத்து மூடியிருந்தது. வெளிச்சம் பட்டால் நிறம் விடும் என்பதால் மிளகாய்த் தூளும் மஞ்சளும் கறித்தூளும் கடைசித் தட்டில், ஒரு சீலைத் திரைக்குப் பின்னால்.

ஊறுகாய் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இடம் விட்டிருந்தது. செய்னுலாப்தீன் அதைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தார். பிறகு கூனிப் போத்தலை அங்கே வைத்தார். தட்டு மறுபடி நிரம்பிவிட்டது.

அவருடைய மனைவி றம்லா ஐந்து வருஷம் குவைத்தில் ஒரே வீட்டில் வேலை செய்தவள். ஜூன் மாதம் மூன்று மாத லீவில் வந்தபோது, மற்றப் பெண்கள் பிளாங்கெட்டும் வாசனைப் போத்தலும் கொண்டு வரும் பெட்டியில் அவள் பதினெட்டு வெறும் கண்ணாடிப் போத்தல்களைத் துவாய்களில் சுற்றிக் கொண்டுவந்தாள். அந்த வீட்டு மெடம் புதுப் போத்தல்கள் வாங்கியபோது கழித்துவிட்டவை. ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. வந்த களைப்பு ஆற முன்னரே பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, போத்தல்களை அமிழ்த்தி எடுத்து, முற்றத்தில் சாக்கு விரித்துக் கவிழ்த்துக் காயவைத்தாள். போகவர இரண்டுக்கும் டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தாள் மெடம். போவதா இல்லையா என்று றம்லா சொல்லவில்லை. யாராவது கேட்டால், “அல்லாஹ் நாடினது நடக்கும்” என்பாள். செய்னுலாப்தீன் கேட்கவேயில்லை.

முதல் கிழமை அதெல்லாம் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. சாமான் அறையில் அதுவரை இருந்தவை பால்மா டின்களும் ஒரு பெயின்ற் வாளியும். வாளியில் அரிசி. எந்த டின்னுக்குள் என்ன என்று மகள் பஹ்மாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். றம்லா அத்தனையையும் கொட்டிப் புடைத்துப் போத்தல்களுக்கு மாற்றினாள். அந்த வீட்டில் பழகிய பழக்கத்தில் ஒவ்வொன்றிலும் அறபு எழுத்தில் பெயர் ஒட்டினாள்.

“உம்மா, வாப்பாக்கு அறபு ஓத மட்டும்தான் தெரியும். கருத்துத் தெரியா,” என்றாள் பஹ்மா.

“ஓதினாப் போதும். சுக்கர் எண்டா சீனி. இதென்ன பெரிய இல்மா, வருஷக்கணக்காப் படிக்க?”

செய்னுலாப்தீன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டி, குர்ஆன் ஓதும் கிறாஅத் போட்டிக்கு நின்றவரைப் போல நீட்டி, “சுக்க...ர்,” என்று ஓதினார். பஹ்மா சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். றம்லாவும் சிரித்தாள். ஐந்து வருஷத்தில் அந்தச் சிரிப்பைப் போனில்தான் கேட்டிருந்தார். அது போனில் வந்ததைவிடக் கொஞ்சம் தடித்த சிரிப்பாக இருந்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தார்.

உப்பில்தான் முதல் பிசகு வந்தது. பாலாவிப் பக்க உப்பளத்தில் அவரைப் போல வேலை செய்கிறவர்கள் வீட்டில் உப்பை மண் சட்டியில்தான் வைப்பார்கள். புது உப்புக்குள் கசப்புத் தண்ணீர் இருக்கும். சட்டி அதைக் குடித்துக் கீழால் விட்டுவிடும். றம்லா அதையும் போத்தலில் அடைத்து இறுக்கி மூடினாள். பத்து நாளில் போத்தலின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றது. உப்பு சேறாகி, மூடி துருப்பிடித்துக் கழற்ற வராமல் போயிற்று. செய்னுலாப்தீன் ஒன்றும் சொல்லாமல் அதைப் பழையபடி சட்டிக்கு மாற்றிவைத்தார்.

“இந்த வீட்டில உப்புக்குக்கூட எண்ட போத்தல் பிடிக்குதில்ல,” என்றாள் றம்லா.

பகிடிக்குச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில்தான் பயம் பிடித்தது. ஒரு நாள் உப்பளத்திலிருந்து வரும்போது மிளகாய் வறுக்கும் நெடி ஒழுங்கை முனையிலேயே மூக்கைப் பிடித்தது. குசினி வாசலில் றம்லா முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு, தாச்சியில் கொத்தமல்லியும் சீரகமும் மிளகும் றம்பை இலையும் தனித்தனியே வறுத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். சாக்கின் மேல் இரண்டு கிலோ செத்தல் மிளகாய் மலை மாதிரி கிடந்தது.

“இவ்வளவு என்னத்துக்கு?”

“கிடக்கட்டும். ஆறு மாசத்துக்குக் கெடாது.”

ஆறு மாசம். அவர் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார். கழுவின காலையே மறுபடி மறுபடி கழுவினார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னரும் இப்படித்தான். போவதற்கு முதல் மாதம் முழுக்க றம்லா வறுத்தாள், இடித்தாள், டின் டின்னாக நிரப்பினாள். கடைசி டின் நிரம்பிய மறுநாள் வேன் வந்தது. அவள் போன பிறகு ஒவ்வொரு டின்னாகக் காலியானது. கடைசியில் எஞ்சியது ஒரு சின்ன டின் கறித்தூள். செய்னுலாப்தீன் அதை எடுக்கவிடவில்லை. கடையில் தூள் வாங்கிச் சமைத்தார்கள். வேலை இல்லாத மழை நாட்களில் அவர் அந்த டின்னைத் திறந்து ஒருக்கா மணந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார். இரண்டாவது வருஷம் அதில் மணம் இல்லை. மூன்றாவது வருஷம் புழு வைத்துவிட்டது என்று பஹ்மா தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டாள். இரண்டு நாள் அவர் மகளோடு பேசவில்லை. எதற்கென்று பிள்ளைக்கு விளங்கவுமில்லை.

ஆகவே இந்த முறை தட்டுகள் நிரம்புவதை அவர் ஒவ்வொரு போத்தலாக எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டுப் போதாதென்று முந்தல் ஊரில் ஒரு கடையில் இன்னும் பன்னிரண்டு வாங்கிவந்தாள். தினமும் ஒன்று நிரம்பியது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தட்டு காலியாக இருந்தால் இவள் மறுபடி நிரப்பவேண்டும். நிரப்ப நாள் எடுக்கும். நாள் எடுத்தால் செவ்வாய்க்கிழமை கடந்துவிடலாம். சின்னப் பிள்ளையின் யோசனைதான். ஆனால் உப்புப் பாத்தியில் குனிந்துகொண்டே யோசிக்கும்போது அது மிகவும் கெட்டித்தனமான யோசனையாகத் தெரிந்தது.

முதலில் டொறத்திக்கு ஒரு ஊறுகாய்ப் போத்தல் கொடுத்தார். அடுத்த நாள் கூடப் பிறந்த ராத்தா கமீலா வீட்டுக்குச் சீனிச் சம்பல். பிறகு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு அச்சாறு, கூட வேலை செய்யும் இன்னாசிப்பிள்ளைக்கு அரிசி மா, ஒழுங்கையில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளுக்கும் ஒவ்வொன்று. அவர் மறந்துபோனது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கரையில், சோனக வீடாக இருந்தாலென்ன மாதா கோயிலுக்குப் போகும் வேதக்கார வீடாக இருந்தாலென்ன, சாமான் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றுமே இல்லாத வீட்டில்கூட ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் வரும். கமீலாவிடமிருந்து பேரீச்சம்பழம் வந்தது. மோதினார் வீட்டிலிருந்து மாசிக் கருவாட்டுத் துண்டு வந்தது. போன போத்தல்களெல்லாம் நிறைமாதமாய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை காலை இன்னாசிப்பிள்ளையும் தன் பங்குக்கு ஒரு போத்தலோடு உப்பளத்துக்கு வந்தார்.

“இந்தா செய்னு. மனிசி தந்துவிட்டவ. எள்ளுருண்டை.”

“அண்ணன், உங்களுக்கு எத்தினை தரம் சொன்ன...”

“எனக்குச் சொல்லி என்ன? அவவிட்டச் சொல்லு. வெறும் போத்தலோட என்னை வாசலைத் தாண்ட விடுவாவா?”

கச்சான் காற்று களப்புப் பக்கமிருந்து விடாமல் அடித்தது. உப்புக்கு நல்ல காற்று. பாத்திகளில் தண்ணீர் வற்றி, மேலே படிந்த உப்பு காலை வெயிலில் கண்ணைக் குத்தியது. இருவரும் பழைய சப்பாத்துகளோடு இறங்கி, பலகை பூட்டிய நீண்ட கம்பால் உப்பை வரம்புப் பக்கம் இழுக்கத் தொடங்கினார்கள். பலகை போகும் இடமெல்லாம் பொரி நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டது. இழுத்துக் குவித்த உப்பைக் கூடையில் வடியவிட்டு, பெண்கள் தலையில் தூக்கிக்கொண்டு போய் அம்பாரத்தில் கொட்டினார்கள். உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் அன்றைக்கு முழுக்க அது தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். இன்னாசிப்பிள்ளை கண்டக்குழிக்காரர். முப்பது வருஷம் கடலுக்குப் போய், முதுகு ஏலாமல் போன பிறகு உப்புக்கு வந்தவர். கடலில் கத்திக் கதைத்த பழக்கம் இன்னும் போகவில்லை.

“போறாவா, இல்லையா?”

“தெரியா.”

“கேட்டியா?”

“இல்ல.”

“வாய்க்குள்ள என்ன, உப்பா வச்சிருக்கிறாய்? போகாத எண்டு சொல்லன். மூண்டு எழுத்து. போ, கா, த.”

“எப்பிடிச் சொல்ற, அண்ணன்? முதல் தரம் போகக்குள்ள, போகட்டா எண்டு அவ என்னட்டக் கேட்டா. வீட்டில காச்சல் கண்ட பிள்ளை. மழை பெஞ்சா வீட்டுக்குள்ள பாய் விரிக்க இடமில்ல. உன்ட விருப்பம் எண்டு சொல்லிட்டன். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டன். அவ உழைச்சி அனுப்பின ஓட்டுக்குக் கீழதான் இண்டைக்குப் படுக்கிறன். போகாத எண்டு சொல்ல எனக்கு என்ன முகம் இரிக்கி?”

இன்னாசிப்பிள்ளை பலகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். “முகத்தால சொல்லாத. வாயால சொல்லு,” என்றார்.

பக்கத்துப் பாத்திப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். செய்னுலாப்தீனும் சிரித்தமாதிரி இருந்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு வந்து, கிணற்றடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ராத்தா கமீலாவின் குரல் முன்வாசலில் கேட்டது. கமீலாவின் குரல் ஆளுக்கு முன்னே நடக்கும் குரல்.

“எங்க புள்ள, றம்லா? வா இஞ்ச. உன்னோட ரெண்டு கதை கதைச்சிட்டுப் போகத்தான் வந்த.”

“இருங்க மதினி. தேத்தண்ணி போடுறன்.”

“தேத்தண்ணி கிடக்கட்டும். முதல்ல கையைத் தா. இந்த வாய் சும்மா கிடக்கிற வாயில்ல. உனக்கு ஏதும் நோகச் சொல்லியிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்க. கடல் கடந்து போற பிள்ளை, மனசில ஒண்டையும் வச்சிக்கிட்டுப் போகக் கூடா.”

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

“நான் போறன் எண்டு யார் மதினி சொன்ன?” றம்லாவின் குரல் மெதுவாக வந்தது.

“யாரு சொல்லணும்? போத்தல் சொல்லுதே! வீடு வீடாச் சீனிச் சம்பலும் ஊறுகாயும் அனுப்பிப் பயணம் சொல்ற. மோதினார் பொஞ்சாதி நேத்து கல்யாண வீட்டில சொன்னா, றம்லா மாதிரி மரியாதை தெரிஞ்ச பிள்ளை இல்ல, ஒரு வீடு விடாமப் பங்கு வச்சிட்டுத்தான் போறாள் எண்டு. நான்கூட முதல்ல கோவப்பட்டன், ஒரே ஒரு போத்தல்தானே வந்த எண்டு.”

கிணற்றடியில் செய்னுலாப்தீன் கழுவுவதை நிறுத்தினார். ஊரை விட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். தின்னக் கொடுத்து, பிழை பொறுக்கக் கேட்டு, வாசல் வாசலாகப் பயணம் சொல்லுவார்கள். எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்ததுதான். அவளை நிறுத்தப் போட்ட திட்டத்தில், அவளுக்காக அவரே ஊர் முழுக்கப் பயணம் சொல்லி முடித்திருந்தார்.

கமீலா தேத்தண்ணி குடித்து, கண்ணைத் துடைத்து, குவைத்துக்குக் கொண்டுபோக என்று ஒரு பொதி மாசியும் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் இன்னும் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சாமான் அறையிலிருந்து கண்ணாடி தரையில் படும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

போய்ப் பார்த்தபோது றம்லா தரையில் உட்கார்ந்து, தான் நிரப்பாத போத்தல்களை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். கூனி. பேரீச்சம்பழம். மாசி. எள்ளுருண்டை. சீனி. மகள் பஹ்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வாப்பாவைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு, “எனக்குப் படிக்க இரிக்கி,” என்று நழுவிப் போய்விட்டாள்.

“பஹ்மாட வாப்பா,” என்றாள் றம்லா, நிமிர்ந்து பார்க்காமல். “என்னெ அனுப்பிவிட உங்களுக்கு இவ்வளவு அவசரமா?”

“அவசரமா? எனக்கா?”

“எனக்கே தெரியாம ஊருக்கெல்லாம் பயணம் சொல்லியிருக்கீங்க. மதினி வந்து கையப் பிடிச்சி அழுறா. நான் என்னெண்டு சொல்ற?”

“பயணம் சொல்லக் குடுக்கல்ல, றம்லா.”

“அப்ப?”

அவர் வாசற்படியில் குந்தினார். சைக்கிள் கழுவிய தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டியது.

“நிரம்பினா நீ போயிடுவாய் எண்டு நினைச்சன். அண்டைக்கும் எல்லா டின்னையும் நிரப்பி வச்சிட்டுத்தான் போனாய். அதான், தட்டைக் கொஞ்சம் காலியாக்கினா...”

“காலியாக்கினா?”

“திரும்ப நிரப்ப நாள் எடுக்குமே எண்டு.”

றம்லா கூனிப் போத்தலைக் கையில் எடுத்தாள். அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எல்லாரும் வெறும் போத்தலாத் திருப்பித் தருவாங்க எண்டு நினைச்சீங்களா?”

“ஓம்.”

“எந்த ஊரில?”

“மறந்திட்டன்,” என்றார் செய்னுலாப்தீன்.

அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அவர் நினைத்தார். பாதி சிரிப்புத்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணாடி ஓட்டிலிருந்து விழுந்த வெளிச்சம் மேல் தட்டைவிட்டு நகர்ந்து கதவுப் பக்கம் போயிருந்தது.

“நான் போறதுக்கு நிரப்பல்ல,” என்றாள். “வந்த அண்டைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி போட இஞ்ச வந்தன். சீனி எங்கெண்டு தெரியல்ல. மகளைக் கூப்பிட்டுக் கேட்டன். அவ வந்து எடுத்துத் தந்தா. பிறகு தேயிலை. அதுக்கும் கூப்பிட்டன். ‘நீங்க போய் இருங்க உம்மா, நான் போடுறன்’ எண்டா. நல்ல பிள்ளைதான். நான் கதிரையில போய் விருந்தாளி மாதிரி இருந்தன். அங்க அந்த வீட்டில இதைப்போல நாலு மடங்கு அறை. கரண்ட் போனாலும் கையை நீட்டினா ஏலக்காய் வரும். எண்ட வீட்டில எனக்குச் சீனி தெரியல்ல.”

“சொல்லியிருக்கலாமே, புள்ள.”

“என்னத்தச் சொல்ற? நான் வச்ச சாமான் நான் வச்ச இடத்தில கிடந்தா, நானும் இஞ்ச கிடந்தமாதிரி இருக்கும் எண்டு பாத்தன். போனாலும் சரி, இருந்தாலும் சரி. அதையும் நீங்க ஒவ்வொண்டா ஊர் சுத்த அனுப்பிட்டீங்க. நேத்து ஊறுகாய் எண்டு நினைச்சிக் கையை விட்டன். கூனி வருது.”

இம்முறை அவருக்கும் சிரிப்பு வந்தது.

“பெட்டி கட்டிட்டியா?”

“நாலு உடுப்பு வச்சிருக்கன். மூடல்ல.” அவள் எள்ளுருண்டைப் போத்தலைத் திறந்து ஒன்றை எடுத்தாள். தின்னாமல் உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். “முதல் தரம் போகட்டா எண்டு நான் கேட்டன். உன்ட விருப்பம் எண்டீங்க. அஞ்சு வருஷமா அங்க பாத்திரம் கழுவக்குள்ளயெல்லாம் அதையே யோசிச்சன். எண்ட விருப்பம் என்ன எண்டு. இன்னும் பிடிபடல்ல. இந்த முறை உங்கட விருப்பம் என்னெண்டு கேக்கலாம் எண்டுதான் வந்தன். வந்து பாத்தா நீங்க வாயே திறக்கிறீங்கல்ல. உப்பு தண்ணி விட்டாலும் பேசாம சட்டிக்கு மாத்துறீங்க. ஒருக்கா ஏசியிருக்கலாம்.”

“அதுக்கு எதுக்கு ஏசுற?”

“ஏசினா வீட்டு ஆள் எண்டு அர்த்தம்.”

வெளியே கச்சான் தென்னோலைகளை ஒரே பக்கமாக வாரிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் டொறத்தி காயப்போட்ட கருவாட்டை அள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். செய்னுலாப்தீன் தன் கைகளைப் பார்த்தார். உப்பு அரித்து ரேகைகள் வெள்ளையாக வெடித்திருந்தன. இன்னாசிப்பிள்ளை சொல்லித் தந்த மூன்று எழுத்தையும் மனதுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தார், அறபு எழுத்தைக் கூட்டுவதுபோல. முதல் எழுத்து நாக்கு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

றம்லா எள்ளுருண்டையை மறுபடி போத்தலில் போட்டு மூடினாள். எழும்புவதற்காகத் தரையில் கை ஊன்றினாள்.

“இரு,” என்றார் அவர். “புதன்கிழமை எங்களுக்குப் பெரிய பாத்தியில உப்பு வாருறது. விடிய இறங்கினா அந்திவரைக்கும் வேலை. மத்த ஆக்களுக்கெல்லாம் பகலைக்கு வீட்டில இருந்து சூட்டோட சோறு வரும். பொஞ்சாதிமார் வரம்பில வந்து நிண்டு கூப்பிடுவாங்க. அஞ்சு வருஷமா நான் விடியக் கட்டின சோத்தைத்தான் ஒரு பக்கமாப் போய் இருந்து தின்னிற.”

அவள் எழும்பாமல் அவரைப் பார்த்தாள்.

“செவ்வாய் இல்ல. புதன்கிழமை,” என்றார் செய்னுலாப்தீன். “பகலைக்கு நீ சோறு கொண்டு வந்து தாறியா, றம்லா?”